இரண்டாவது விளக்கு வாங்கலாமா? 90 செ.மீ. பவளத் தொட்டியில் ஒளி அளவு

உவர்நீர் (சிங்கப்பூர்):

அனைவருக்கும் வணக்கம். என் தொட்டி 90 செ.மீ. நீளம், 45 அகலம், 50 உயரம். நடுவில் ஒரே ஒரு எல்இடி விளக்கு. நீர்மட்டத்துக்கு 20 செ.மீ. மேலே தாங்கியில் நிற்கிறது. நீலமும் ஊதாவும் 80 சதவீதம், வெள்ளை 15. காலை பத்து மணிக்கு ஏறத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். இரவு ஏழிலிருந்து இறங்கி எட்டுக்கு அணையும்.

பாறை உச்சியில் இருக்கும் அக்ரோபோரா என்னும் கிளைப் பவளம் நாளுக்கு நாள் வெளிறுகிறது. கீழே மணலில் இருக்கும் டார்ச் பவளமோ பழுப்பேறி, நண்பகலில்கூட முழுதாக விரிவதில்லை. மேலே இருப்பதற்கு ஒளி மிகையா, கீழே இருப்பதற்குக் குறையா என்று புரியவில்லை. கடைக்காரர் இதே மாதிரியில் இன்னொரு விளக்கை வாங்கி மாட்டச் சொல்கிறார். விலையைக் கேட்டதும் இங்கே வந்து எழுதுகிறேன். வாங்கலாமா?

ஹாலைடு மாமா:

வாங்க வேண்டாம். ஒளி அளக்கும் மீட்டரும் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்; எப்படியும் அடுத்த பதிவில் யாராவது மீட்டர் வாங்கச் சொல்வார்கள்.

250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு தொங்கிய காலத்தில் நாங்கள் ஒளியை அளந்ததே இல்லை. பாலிப் (பவளத்தின் சிற்றுயிர்) விரிகிறதா, கிளை நுனி வெண்மையாக வளர்கிறதா, அடிப்பகுதி பாறையில் படர்கிறதா என்று பார்த்தோம். சரியில்லை என்றால் பவளத்தை ஒரு படி மேலே அல்லது கீழே நகர்த்தினோம். சாம்பாரில் உப்பு பார்க்க யாராவது கருவி வாங்குவார்களா?

வெளிறல் என்றதும் விளக்கின்மீது பழி போடுவதும் எனக்கு ஒப்பவில்லை. நைட்ரேட் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு? அதைச் சொல்லாமல் விளக்கைப் பற்றிப் பேசுவது வீண்.

ஃபோட்டான் கணக்கர் (டொராண்டோ):

மாமாவின் கடைசிப் பத்தி மிகச் சரி. முதல் பத்தியோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

ஹாலைடு காலத்தில் அளக்காமல் சமாளிக்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. 250 வாட் குழல், பெரிய பிரதிபலிப்பான், இன்ன உயரம் என்று சொல்லிவிட்டால் எல்லார் வீட்டிலும் ஏறத்தாழ ஒரே ஒளிதான் கிடைக்கும். கூட்டவோ குறைக்கவோ திருகு எதுவும் இல்லை. ஒருவரின் அனுபவம் மற்றவருக்கு அப்படியே பயன்பட்டது. இன்றைய எல்இடியில் ஆறேழு நிறத் தடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சதவீதம். லென்ஸ் கோணம் வேறு, தொங்கும் உயரம் வேறு. "நான் 80 சதவீதத்தில் வைத்திருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அதிலிருந்து எதுவும் தெரியாது. அது எதில் 80 என்பதே தெரியாதே! வாட் கணக்கும் உதவாது. கெல்வின் எண் நிறத்தைச் சொல்லுமே தவிர, அளவைச் சொல்லாது.

நமக்கு வேண்டிய அளவின் பெயர் ‘பார்’ (PAR). 400 முதல் 700 நானோமீட்டர் வரை, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் அலைநீளங்களில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான்கள் விழுகின்றன என்பதுதான் அந்த எண். வெப்பமண்டலக் கடலில் மேகமில்லாத நண்பகலில் நீர்ப்பரப்பின்மீது 2000 அளவில் விழும். அதைக் கேட்டுவிட்டுத் தொட்டியிலும் ஆயிரம் கொடுக்க வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் சூசான்தெல்லே பாசிகள் ஓரளவுக்கு மேல் ஒளியைப் பயன்படுத்த முடியாமல் திணறும். பல இனங்களில் 250 முதல் 400க்குள்ளேயே ஒளிச்சேர்க்கையின் வேகம் உச்சத்தை எட்டிவிடும். அதற்கு மேல் விழுவதை வெப்பமாக வெளியேற்றியாக வேண்டும். முடியாதபோது பாசிக்கே சேதம் ஏற்படும், பவளம் அதை வெளியேற்றும், வெளிறும்.

நம் ஆட்கள் பொதுவாகப் பின்பற்றும் அளவுகள் இவை: காளான் பவளம், சோவாந்தஸ் வகைகளுக்கு 50 முதல் 150. டார்ச், ஹேமர் போன்ற யூஃபைலியா வகைகள் 80 முதல் 150க்குள் நன்றாக இருக்கும். மான்டிபோராவுக்கு 150 முதல் 250. அக்ரோபோராவுக்கு 200க்கு மேல். 350ஐத் தாண்டினால் கவனம் தேவை. இவை சட்டம் அல்ல, தொடக்கப் புள்ளிகள்தான். 80இல் செழிக்கும் மான்டிபோராவை நானே பார்த்திருக்கிறேன்.

எனவே உவர்நீர், விளக்கு வாங்கும் முன் மீட்டரை இரவல் வாங்குங்கள். உங்கள் ஊரில் தொட்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர், யாரிடமாவது இருக்கும். இருபது நிமிட வேலைக்காகச் சொந்தமாக வாங்குவது என் பார்வையில் வீண் செலவு.

புதுமீன்:

இடையில் ஒரு கேள்வி. என் கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறது. லக்ஸை 54ஆல் வகுத்தால் பார் கிடைக்கும் என்று படித்தேன். தொட்டிக்கு மேலே வைத்துப் பார்த்தால் 2,100 லக்ஸ் காட்டியது. அதாவது 39 பார்தானே? என் சோவாந்தஸ் இவ்வளவு குறைந்த ஒளியிலா வளர்கிறது?

ஃபோட்டான் கணக்கர்:

54 என்பது சூரிய ஒளிக்கான எண். உங்கள் விளக்குக்கு அது பொருந்தாது, அதுவும் பல மடங்கு.

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்ற அளவு. நம் கண் 555 நானோமீட்டர் பச்சைக்குத்தான் மிகக் கூர்மையாக இருக்கும். 450 நானோமீட்டர் அடர்நீலத்தில் அந்தக் கூர்மை நூற்றில் நான்கு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். பவளத் தொட்டி விளக்கோ பெரும்பாலும் அந்த நீலத்தில்தான் ஒளியைக் கொட்டுகிறது. கணக்குப் போட்டால், சூரிய ஒளியில் ஒரு மைக்ரோமோலுக்கு 54 லக்ஸ். வெறும் 450 நானோமீட்டர் நீலத்தில் ஒரு மைக்ரோமோலுக்கு ஏறத்தாழ 7 லக்ஸ்தான். ஆகவே 100 மைக்ரோமோல் நீல ஒளி விழும் இடத்தில் லக்ஸ் மீட்டர் 700 காட்டும். 54ஆல் வகுத்தால் 13 வரும். அதை நம்பி விளக்கைக் கூட்டினால் பவளம் கருகும். உங்கள் 2,100 லக்ஸ் ஒளியில் வெள்ளை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்பதைப் பொறுத்து உண்மையான எண் 39ஆகவும் இருக்கலாம், 200க்கு மேலும் இருக்கலாம்.

செயலியை அழித்துவிட வேண்டாம். ஒரே விளக்கு, ஒரே நிற அமைப்பு என்றால் ஒப்பிட அது போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அதே சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். விளக்கு மங்குகிறதா, லென்ஸில் உப்பு படிந்திருக்கிறதா என்பது தெரியும்.

அடையாற்று நண்டு (சென்னை):

என் தொட்டியில் காளானும் தோல் பவளமும் மட்டும்தான். இந்தியாவில் கடின பவளங்களை 2001இலேயே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்துத் தடைசெய்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பாறை பாறையாக வெட்டி எடுத்த காலத்தை நினைத்தால் அந்தத் தடை தேவையான தடைதான். எனவே 350 பார் எல்லாம் எனக்கு அயல்நாட்டுக் கதை.

ஆனால் குறைந்த ஒளித் தொட்டிக்கும் அளவு வேண்டும். நண்பர் ஒருவர் பார் மீட்டர் கொண்டு வந்தார். காளான்கள் வதங்கிச் சுருண்டிருந்த இடத்தில் 190 காட்டியது. விளக்கின் திறனைக் குறைத்து 70க்குக் கொண்டுவந்த பிறகு தட்டுத் தட்டாக விரிகின்றன. மின் கட்டணமும் கொஞ்சம் குறைந்தது. சித்திரை வெயிலில் நீர் சூடேறுவதும் சற்றுக் குறைந்தது. "ஒளியை மேம்படுத்துவது" என்றாலே கூட்டுவது என்று ஏன் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்களோ!

உவர்நீர்:

நன்றி. பழைய கடல்தொட்டிக்காரர் ஒருவர் அப்போஜி எம்க்யூ-510 என்ற பார் மீட்டரை வார இறுதிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எப்படி அளப்பது? உள்ளே விட்டு எண்ணைப் படித்தால் போதுமா?

மாமாவுக்கு: நைட்ரேட் 12, பாஸ்பேட் பூஜ்யம் என்று சோதனைப் பெட்டி காட்டுகிறது. பாஸ்பேட் நீக்கி போட்டிருக்கிறேன்.

ஹாலைடு மாமா:

பூஜ்யமா? அதில்தான் இருக்கிறது உங்கள் வெளிறல். முதலில் அந்த நீக்கியை வெளியே எடுங்கள், மீனுக்கு இன்னும் கொஞ்சம் தீனி போடுங்கள். ஒரேயடியாக மருந்தை ஊற்றி ஏற்ற வேண்டாம்.

ஃபோட்டான் கணக்கர்:

மாமா சொல்வதற்கு ஆய்வுச் சான்றே உண்டு. இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், நைட்ரேட் நிறைய இருந்து பாஸ்பேட் இல்லாமல் போனால் பவளம் வெப்பத்துக்கும் ஒளிக்கும் எளிதில் வெளிறுகிறது என்று கண்டார்கள். நைட்ரேட்டால் பாசி பெருகுகிறது. பாஸ்பேட் இல்லாததால் அதன் சவ்வுகள் சரியாக அமைவதில்லை. ஆக, ஒரே 300 பார் ஒரு தொட்டியில் அளவான ஒளி, இன்னொரு தொட்டியில் கொடுமை. இதை எந்த ஒளி மீட்டரும் சொல்லாது. அந்த மட்டில் மாமாவுக்கு வெற்றி.

இனி அளக்கும் முறை. எம்க்யூ-510 நல்ல தேர்வு, ஏனென்றால் இரண்டு சிக்கல்களை அதுவே பார்த்துக்கொள்கிறது. முதலாவது, நீருக்குள் போனதும் எல்லா உணரிகளும் குறைத்துக் காட்டும். உணரியின் மேல் இருக்கும் வெண்ணிறப் பரவல் தகட்டுக்குள் நுழைந்த ஒளி, காற்றில் இருப்பதைவிட நீரில் எளிதாக வெளியே தப்பிவிடும். அப்போஜியின் முழு நிறமாலை உணரிக்கு இந்தத் திருத்தம் 1.32, 510இல் அது உள்ளேயே அமைந்திருக்கிறது. அதே உணரியோடு வரும் எம்க்யூ-500ஐ யாராவது கொடுத்தால் நீங்கள்தான் 1.32ஆல் பெருக்க வேண்டும். பழைய எம்க்யூ-200க்குத் திருத்தம் 1.08 மட்டுமே, ஆனால் அதில் இரண்டாவது சிக்கல் இருக்கிறது: 410 நானோமீட்டருக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது, நீலத்திலும் குறைத்துக் காட்டும். நீலம் கொட்டும் நம் விளக்குகளுக்கு அது நம்பகமானதல்ல. சென்னை நண்பர் எந்த மாதிரியில் அளந்தார் என்று தெரியவில்லை. பழையது என்றால் அந்த 190 உண்மையில் இன்னும் அதிகமாக இருந்திருக்கும்.

உணரியை ஒரு நீளக் குச்சியில் கட்டி, முகம் நேராக மேலே பார்க்கும்படி பிடியுங்கள். சற்றே சாய்ந்தாலும் எண் மாறும். கையையும் தலையையும் விளக்குக்கு அடியில் கொண்டு போகாதீர்கள். அளக்கும் முன் விளக்கின் லென்ஸைத் துடையுங்கள். மேலே கண்ணாடி மூடி இருந்தால் அதையும். சுத்தமான கண்ணாடியே தன் இரு பரப்புகளாலும் சேர்த்து ஏறத்தாழ 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும்; உப்பு படிந்தால் எவ்வளவு என்று நீங்களே அளந்து பாருங்கள், வியப்பாக இருக்கும். அலை எழுப்பியை நிறுத்திவிட்டு முதல் வரைபடத்தை எடுங்கள். பிறகு அலையை ஓடவிட்டு நான்கைந்து இடங்களில் மட்டும் சராசரி எடுங்கள். அலைகள் லென்ஸ் போல் ஒளியைக் குவித்துச் சிதறடிக்கும்; எண் துள்ளுவதைக் கண்டு பதற வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வெற்று நீரில் மட்டும் அளக்காமல் ஒவ்வொரு பவளத்தின் அருகிலும், அது ஒளியைப் பார்க்கும் அதே மட்டத்தில் உணரியை வையுங்கள். இணையத்தில் உலவும் அழகான வரைபடங்கள் எல்லாம் பாறையே இல்லாத தொட்டியில் எடுக்கப்பட்டவை.

புதுமீன்:

ஊதா விளக்குகள் 400 நானோமீட்டருக்குக் கீழே ஒளி விடுகின்றனவே, அவை மீட்டரில் வருமா?

ஃபோட்டான் கணக்கர்:

எம்க்யூ-510 ஏறத்தாழ 389 நானோமீட்டரிலிருந்து உணரத் தொடங்கும். அதற்குக் கீழே இருப்பது எண்ணில் வராது.

உவர்நீர்:

அளந்துவிட்டேன். உச்ச நேரத்தில், அலை எழுப்பியை நிறுத்தி எடுத்த எண்கள்.

நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே நடுவில், அதாவது அக்ரோபோரா இருக்கும் இடத்தில், 510. அதே ஆழத்தில் இடது ஓரம் 95, வலது ஓரம் 105. பாதி ஆழத்தில் நடுவில் 240, ஓரங்களில் 80. திறந்த மணலில் நடுவில் 130, மூலைகளில் 40, 45.

டார்ச் பவளத்தின் தலைமேல் 22. ஆம், இருபத்திரண்டு. அதற்கு ஒரு சாண் தள்ளி முன்பக்க மணலில் 110! அக்ரோபோரா உட்கார்ந்திருக்கும் பாறையின் விளிம்பு குடை போல் டார்ச்சின் மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. வரவேற்பறையிலிருந்து பார்க்கும்போது நிழல் தெரியவே இல்லை.

இன்னொன்று: மாலையில் மேற்குச் சன்னலிலிருந்து வெயில் வலது பக்கத்தில் விழுகிறது. அந்த நேரத்தில் மட்டும் வலது ஓரத்தில் 400ஐத் தாண்டுகிறது.

அடையாற்று நண்டு:

22க்கும் 110க்கும் நடுவே ஒரு சாண் மட்டுமா? இரண்டாவது விளக்குக்கு வைத்த பணம் கையிலேயே இருக்கட்டும். வலது பக்கத்துக்குத் திரைச்சீலை போதும்.

ஃபோட்டான் கணக்கர்:

அருமையான அளவீடு. இப்போது நாள் முழுவதுக்குமான கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் பவளம் ஒரு நொடியில் விழும் ஒளியை மட்டும் வைத்து வாழ்வதில்லை. உங்கள் கால அட்டவணையில் எட்டு மணி நேரம் உச்சம். ஏறுவதும் இறங்குவதும் சேர்ந்து ஒரு மணி நேர உச்சத்துக்குச் சமம். மொத்தம் ஒன்பது மணி நேரம், அதாவது 32,400 நொடி. உச்சியில் 510ஐ அதனால் பெருக்கினால் நாளுக்கு 16.5 மோல் (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). டார்ச்சுக்கு 0.7 மோல். ஒரே தொட்டி, ஒரே விளக்கு; இருபது மடங்குக்கு மேல் வேறுபாடு. இரண்டாவது விளக்கை இதே உயரத்தில் மாட்டியிருந்தால் ஒளி மிகையான இரண்டு இடங்கள் கிடைத்திருக்கும், டார்ச் அதே நிழலில்தான் இருந்திருக்கும்.

கடலில் தெளிந்த நாளில் மேற்பரப்பில் 40 மோலுக்கு மேல் விழுகிறதே, 16 என்ன பெரிது என்று கேட்கலாம். கடலில் அந்த உச்சம் நண்பகலையொட்டிச் சில மணி நேரம்தான். மேகம் வரும், ஓதம் ஏறி இறங்கும், ஆழம் வடிகட்டும். நாம் மதிலெழுப்பியது போல் எட்டு மணி நேரம் ஒரே அளவில் அடிக்கிறோம்.

செய்ய வேண்டியது: விளக்கை 20இலிருந்து 30, 35 செ.மீ. உயரத்துக்கு ஏற்றுங்கள். நடு உச்சி குறையும், ஓரங்கள் நிறையும். உங்கள் விளக்குக்கு ஒளியைப் பரப்பிவிடும் பரவல் தகடு கிடைத்தால் போடுங்கள். அது கொஞ்சம் ஒளியைத் தின்னும், ஆனால் புள்ளி புள்ளியாக அடிப்பதை மென்மையாக்கும். ஏற்றியபின் ஒளி வரவேற்பறையில் கண்ணைக் குத்தும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாங்கி உறுதியாக இருக்கிறதா, கசிவுமின் தடுப்பான் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

டார்ச்சை ஒரே நாளில் 22இலிருந்து 110க்குக் கொண்டு போகாதீர்கள். இருட்டில் இருந்த பவளம் ஒளியைப் பிடிக்கப் பாசியையும் நிறமியையும் கூட்டி வைத்திருக்கும். அந்தப் பழுப்பு அதனால்தான். திடீர் ஒளி அதற்குத் தீங்கு. முதலில் 50, 60 உள்ள இடம். இரண்டு வாரம் கழித்து முன்பக்க மணல்.

ஹாலைடு மாமா:

அக்ரோபோராவை நகர்த்தவே வேண்டாம் என்பது என் கருத்து. வெளிறிய நிலையில் அதைப் பிடுங்கி ஒட்டினால் இன்னொரு அடி. விளக்கு ஏறினால் போதும். பாஸ்பேட் 0.03, 0.05 வரை வந்து நிற்கும்வரை ஒளியைக் கூட்டும் எண்ணமே வேண்டாம். நீரில் மஞ்சள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வெள்ளை பிவிசி துண்டை ஒரு முனையில் வைத்து மறுமுனையிலிருந்து நீளவாக்கில் பார்த்தால் தெரியும். மஞ்சள் நீர் நீலத்தைத்தான் முதலில் விழுங்கும். நீரைச் சுத்திகரிக்கும் கரி போட்டால் தெளியும். ஆனால் கரி போட்டதும் ஒளி கூடும், அதையும் மெதுவாகச் செய்யுங்கள். வேக வேகமாகத் தெளிவாக்கிப் பவளத்தைச் சுட்டவர்கள் பலர்.

மட்டுறுத்துநர்:

மீட்டர் இரவல் கேட்டும், விற்பனைக்கும் இந்த இழையில் வந்த பதிவுகளைச் சந்தைப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே அளவீடுகள் மட்டும்.

உவர்நீர்:

விளக்கை 32 செ.மீ. உயரத்துக்கு ஏற்றி, பரவல் தகடு போட்டு, மீட்டரைத் திருப்பிக் கொடுக்கும் முன் மறுபடி அளந்தேன். சதவீதங்களை மாற்றவில்லை. நடு உச்சி 320. ஓரங்கள் 140, 150. நடு மணல் 105, மூலைகள் 70. டார்ச்சை இடது பக்கம் 60 உள்ள இடத்துக்கு நகர்த்தியிருக்கிறேன். பாஸ்பேட் நீக்கியை எடுத்துவிட்டேன். சன்னலுக்குத் திரை போட்டாயிற்று.

அக்ரோபோராவின் நிறத்தில் இன்னும் மாற்றம் இல்லை. நுனிகளில் பாலிப் மட்டும் முன்பைவிட நீளமாக வெளியே வருகிறது.

ஒரு கேள்வி மீதி இருக்கிறது. பிற்பாடு இரு ஓரங்களிலும் அக்ரோபோரா வைக்க ஆசை. அப்போதும் ஒரே விளக்கு போதுமா?

ஃபோட்டான் கணக்கர்:

320 என்றால் நாளுக்கு 10.4 மோல். இப்போதைக்கு அங்கேயே நிற்கட்டும். நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். பாலிப் நீள்வது நல்ல அறிகுறிதான்.

ஓரங்களில் அக்ரோபோரா என்றால் 150 போதாது, அப்போது இரண்டாவது விளக்குக்கு நியாயம் உண்டு. ஆனால் நடுவில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓரத்தில் ஒன்றைச் சேர்க்காதீர்கள். இரண்டையும் ஒன்றுக்கொன்று 45 செ.மீ. இடைவெளியில், இரு ஓரங்களிலிருந்தும் 22 செ.மீ. உள்ளே வருமாறு மாட்டுங்கள். இரண்டின் ஒளியும் நடுவில் கூடும். எனவே இரண்டையும் இப்போதுள்ளதில் பாதித் திறனுக்கு இறக்கித் தொடங்குங்கள். நடு அக்ரோபோராவின் மேல் அதே 320 வரும்வரை சதவீதத்தைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு ஓரங்களை அளந்து, 200க்கு மேல் காட்டும் இடம் எது என்று குறித்துக்கொண்டு பாறையை அடுக்குங்கள். மீட்டரை அந்த வாரத்துக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

ஹாலைடு மாமா:

பாறையை முதலில் அடுக்குங்கள், விளக்கைப் பிறகு வாங்குங்கள். நிழல் எங்கே விழும் என்பது பாறை வந்த பிறகுதான் தெரியும்.